வெள்ளைப் பூ யாருக்குச் சொன்னது

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். நகத்தைக் கடித்துக்கொண்டு என் மகள் மீரா, வயது பதினாறு. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி என் மனைவி கலா. டிப்போவிலிருந்து நேரே வந்ததால் டிராம் டிரைவர் சீருடையில் நான். மேசைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் என்ன வேலைக்குப் போகலாம் என்று ஆலோசனை சொல்வதற்கென்றே பள்ளிக்கூடம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அம்மாள். தன்னை வெறுமனே ஹெலன் என்று கூப்பிடச் சொன்னார். மெல்போர்னில் எல்லோரும் அப்படித்தான். பதினைந்து வருடம் ஆகியும் எனக்கு வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வளையவில்லை. ஹெலன் டீச்சர் என்று ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறேன். ஐந்தாவதாக ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று அதிகம் பேசியது அதுதான்.

அது மீராவிடம் ஏகப்பட்ட கேள்விகள் கேட்டது. தனியாக இருக்கப் பிடிக்குமா, கூட்டமாகவா. உடைந்த பொருளைப் பார்த்தால் தூக்கி எறிவாயா, ஒட்டிப் பார்ப்பாயா. பெற்ற எங்களுக்கு இந்தக் கேள்விகள் தோன்றியதே இல்லை. கடைசியில், கையால் செய்யும் வேலையும் பிறருக்கு உதவும் வேலையும் இவளுக்குப் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. கலா என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, பார்மசி" என்றாள். ஹெலன் டீச்சர் அதே நேரத்தில், தச்சு வேலை என்றார். மீராவுக்கு மர வேலை வகுப்பு உயிர். ஆனால் அடுத்த வருடம் பயாலஜியும் மர வேலையும் ஒரே பீரியடில் வருகின்றன. ஒன்றைத்தான் எடுக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரமாகப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் தட்டைப் பார்த்துப் பார்த்து நானும் சாப்பிடவில்லை.

எனக்கென்று ஒரு கருத்தும் இல்லாததைக் கவனித்த ஹெலன் டீச்சர், நான் என் தொழிலை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பூப் போட்டுப் பார்த்தோம், வெள்ளை வந்தது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு அழகு, அப்படியானால் முதலில் பூக்கடை வைத்திருந்தீர்களா என்றார். நான் மறுக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு தவறான புரிதலோடு வாழ்வது சுலபம், அதைத் திருத்தப் போனால்தான் அரை நாள் போய்விடும். கிளம்பும்போது மீராவின் கையில் தோட்டக்கலைப் படிப்பு பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றையும் வைத்து அனுப்பினார். அவள் டிராமில் ஏறியதும் அதை எனக்கு விசிறிவிட்டுக்கொண்டே, "என்னப்பா அது, பூ?" என்றாள்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும். முடிவெடுக்க முடியாத விஷயத்தைச் சாமியிடம் தள்ளிவிடுவதற்கு நம்மிடம் ஒரு வழி உண்டு. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் வைத்துக் கட்டி, சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம்.

எனக்கும் அப்போது பதினாறு வயது. எழுபதை ஒட்டிய வருடம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு காலை வாரிவிட்டது. மறுபடி எழுதலாமே என்றார்கள். மறுபடி தவறினால் என்ன செய்வது என்ற கவலையில் நான் எழுதவே இல்லை. எங்கள் வீடு மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தால் எந்த ஆபீசிலாவது நாற்காலி கிடைக்கும் என்பது அவர் கட்சி. அம்மா திருநெல்வேலிப் பக்கம். அவளுடைய தூரத்துச் சொந்தமான அருணாசலம் அண்ணாச்சி தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பையனை அங்கே விட்டால் நாளைக்கு அவனே ஒரு கடை போடுவான் என்பது அம்மாவின் கட்சி. அம்மாவின் தம்பி தங்கவேலு மாமா கோடம்பாக்கத்தில் லைட்மேன். ஊர்ப் பேச்சையே மறந்து ஸ்டூடியோக்காரராகிவிட்டவர். லைட் பிடிக்க ஆரம்பித்தால் கேமராவில் போய் முடியலாம் என்பது அவர் கட்சி. மூன்று பேரும் என்னிடம் தனித்தனியாக, நீ என்னடா சொல்றே என்பார்கள். நான் மூன்று பேரிடமும் சரி என்பேன்.

சண்டை முற்றி ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் மாடவீதி தாண்டி இருந்த சின்ன அம்மன் கோயிலுக்குப் போனோம். அப்பா, அம்மா, மாமா, நான், ஐந்து வயதுத் தங்கை வசந்தி. வாசலில் பூ விற்கும் கன்னியம்மாவிடம் கொஞ்சம் நந்தியாவட்டையும் கொஞ்சம் செவ்வரளியும் வாங்கினோம். பதினைந்து பைசா. அப்பாவிடம் இருந்தது பத்து ரூபாய் நோட்டு. கன்னியம்மா அதை ஏதோ சினிமா நோட்டீஸ் போலத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு சில்லறைக்கு நான் எங்க போவேன், மேஸ்திரி? புள்ளைக்காவத்தான கேக்கப் போறீங்க. வேல கெட்ச்சதும் அதும் கையால குடுக்கச் சொல்லு."

அப்பாவுக்குத் தன்னை மேஸ்திரி என்றது பிடிக்கவில்லை. ஆனால் கடன் கொடுத்தது பிடித்திருந்தது. உள்ளே போய்விட்டார்.

பூசாரி கட்டிக் கொடுத்த இரண்டு பொட்டலங்களும் அம்மன் முன்னால் கிடந்தன. வேண்டிக்கொண்டதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனசுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். எல்லோரும் கண்ணை மூடினோம். வசந்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் நந்தியாவட்டை. ஒரே சமயத்தில் மூன்று பெருமூச்சு கேட்டது. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"அப்பாடா. நாளைக்கே இன்ஸ்டிட்யூட்ல பணத்தைக் கட்டிடறேன்" என்றார் அப்பா.

"இன்ஸ்டிட்யூட்டா? நான் கடையல்லா நெனச்சேன்" என்றாள் அம்மா.

மாமா இரண்டு பேரையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இன்னாக்கா நீ. நான் கேமராவத்தான் நெனச்சிக்கினு நின்னேன்."

எந்தப் பூவுக்கு எந்த வேலை என்று பேசி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், அம்மன் எல்லோருக்கும் சரி என்றுவிட்டாள், என்னைப் போலவே. பூசாரி என்னைப் பார்த்து, நீ என்ன தம்பி நினைச்சே என்றார். இவங்க சண்டை போடாம இருக்கணும்னு என்றேன். வெள்ளைப் பூ வந்தும் பலிக்காமல் போன ஒரே வேண்டுதல் என்னுடையதுதான். இன்னொரு முறை கட்டிப் பார்க்கலாமா என்று மாமா கேட்டதற்கு, ஒரே நாளில் இரண்டு தடவை கேட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்று பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் கோர்ட்டில் பழகிய அப்பாதான் வழி சொன்னார். மூன்றையும் பார்க்கட்டும், மூன்று மாதம் வாய்தா.

அப்படியாக, காலையில் டைப்ரைட்டிங், பகலில் ஜவுளிக்கடை, சாயங்காலம் ஸ்டூடியோ. அப்பாவின் பழைய சைக்கிளில் மயிலாப்பூருக்கும் தி. நகருக்கும் கோடம்பாக்கத்துக்குமாக மிதித்தேன். அந்த மூன்று மாதத்தில் எனக்கு நன்றாக வந்தது சைக்கிள் மட்டும். டைப்ரைட்டிங்கில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துவிட்டுச் சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்ப்பேன். பக்கத்து மெஷினில் தாவணி போட்ட பெண் ஒரு பக்கம் முடிக்கும்போது நான் 'டியர் சார்' தாண்டியிருக்க மாட்டேன். கடையில், சாயம் போகுமா தம்பி என்று யாராவது கேட்டால், போகலாம் என்பேன். போகாது என்று எப்படிச் சொல்ல முடியும், நான் துவைத்தா பார்த்தேன்? ஒரு நாள் கல்யாண ஜவுளி எடுக்க வந்த குடும்பம் ஒன்று என் பேச்சைக் கேட்டு எதிர்க்கடைக்குப் போனது. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. "நீ ரொம்ப நல்ல பையன்டே. கடைக்கு ஆகாது" என்றார். கோடம்பாக்கத்தில், மேலே பரணில் கட்டியிருந்த பெரிய விளக்கு கதாநாயகியின் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, "மாமா, கயிறு இறுக்கமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் வசனத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தாள். அப்புறம் அந்த விளக்குக்குக் கீழே நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். மாமா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இதற்கிடையில் நாள் தவறாமல் கன்னியம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். "இன்னா நைனா, இன்னிக்கி எந்தக் கட்சில கீற?" என்பாள். அண்ணாச்சி கொடுத்த முதல் சம்பளத்தில் பதினைந்து பைசாவைத் தனியாக எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இதான் உன் வேலயா?"

நான் யோசித்தேன். யோசிக்காமல் ஆமாம் என்றிருந்தால் கணக்கு அன்றே முடிந்திருக்கும். "தெரியலக்கா" என்றேன்.

"வேல கெட்ச்சதும்தான குடுக்கச் சொன்னேன்? தெரிஞ்சப்பால குடு" என்று கையை மடக்கி விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு என்னென்னவோ வேலைகள். மருந்துக்கடை, சைக்கிள் வாடகைக்கடை, அடையாறில் ஒரு பால் பூத். ஒவ்வொன்றிலும் சேர்ந்த முதல் நாள் அவளிடம் போவேன். இதானா என்பாள். இப்போதைக்கு என்பேன். அப்ப இல்ல என்பாள். கல்யாணமும் ஆகி, மீராவும் பிறந்தபின், மெல்போர்னுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த வசந்தி எங்களையும் வரவழைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முதல் நாள் கன்னியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அங்கே என்ன வேலை என்றாள். தெரியலக்கா என்றேன். மல்லிகைப் பூவை முழம் போட்டுக்கொண்டே சிரித்தாள். "போய்ட்டு வா. வந்து குடு."

இங்கே வந்து டிராம் ஓட்டச் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்ற கேள்வியே இல்லை. என்னைப் போன்றவனுக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன். சந்திப்புகளில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும், இடமா வலமா என்று டிரைவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். முதல் மாதத்தில் ஒரு நாள் நான் யோசித்து முடிப்பதற்குள் டிராம் கடற்கரைப் பக்கம் திரும்பிவிட்டது. பயணிகள் யாரும் சத்தம் போடவில்லை. ஒரு கிழவர் மட்டும் இறங்கும்போது, நல்ல வெயில், கடலைப் பார்க்க ஏற்ற நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அது கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்ட மீரா, நமக்கும் பூப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். வியாழக்கிழமை மாலை வசந்தி வந்திருந்தாள். கொல்லையில் கெமீலியா இரண்டு நிறத்திலும் பூத்திருந்தது. வாழையிலைக்குப் பதிலாக சமையல் தாளில் மடித்துச் சாமி படத்தின் முன் வைத்தோம். எங்கள் குடும்பத்துத் தவறு தன்னிடம் நடக்காது என்று மீரா முதலிலேயே அறிவித்துவிட்டாள். வெள்ளை என்றால் மர வேலை, சிவப்பு என்றால் பயாலஜி. உரக்கச் சொல்லி, எல்லோரையும் ஒரு முறை திருப்பிச் சொல்லவும் வைத்தாள். எடுப்பதற்கு விவரம் தெரியாத குழந்தை வேண்டுமே என்றேன். அத்தை எடுக்கட்டும் என்றாள். நாற்பது வயது வசந்தி பொட்டலங்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "எறும்பு இல்லையே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு ஒரு பொட்டலத்துல கட்டெறும்பு ஏறிக்கிட்டு இருந்துது அண்ணா. அதான் மத்ததை எடுத்தேன்."

இத்தனை வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றாள். அப்பாவும் அம்மாவும் மாமாவும் கடைசிவரை அம்மன் தங்கள் பக்கம்தான் பேசினாள் என்று நம்பியிருந்தார்கள். பேசியது எறும்பு.

வசந்தி எடுத்ததைப் பிரித்தோம். வெள்ளை. கலா, "அப்பாடா" என்றாள். மீரா அவளைப் பார்த்தாள். "அம்மா, வெள்ளைன்னா மர வேலை. நீங்களே திருப்பிச் சொன்னீங்க."

"வாயால சொன்னேன்டி. மனசுல நினைச்சது பயாலஜிதான். வெள்ளைன்னா உத்தரவுதானே?"

மீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீங்க என்ன நினைச்சீங்க என்று கேட்கவில்லை, கதை கேட்ட பெண் ஆயிற்றே. எழுந்து போய்ப் பள்ளிக்கூடத்துத் தாளை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையிலேயே வைத்து, பேனாவால் மர வேலை என்று எழுதினாள். பென்சிலால்கூட இல்லை. கலா உள்ளே போய் எல்லோருக்கும் தோசை வார்த்தாள். மீரா நான்கு சாப்பிட்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மரம் அறுக்கும் இயந்திரத்தில் விரல் மாட்டினால் என்ன செய்வது என்ற கவலை அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கன்னியம்மா இருந்தால் கடனைக் கொடுத்துவிடலாம், பதினைந்து வருடமாக ஒரே வேலைதானே, இதுதான் உங்கள் வேலை என்றாள் மீரா. இப்போதைக்கு என்றேன். அவள் தோசையை வாயில் வைத்தபடியே சிரித்தாள். அடுத்த மாதம் டிப்போவில் என்னை வேறு வழித்தடத்துக்கு மாற்றப்போகிறார்கள், அது எப்படி இருக்குமோ என்றேன். இன்னும் சிரித்தாள். அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. இந்த ஊரில் நான் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. வீட்டுக் கடன்கூட அடைந்துவிட்டது. நான் இன்ன வேலைக்காரன் என்று சீருடையில் எழுதியிருக்கிறது, யாரும் கேட்பதில்லை. அங்கே, ஒரு கோயில் வாசலில், இதானா உன் வேல என்று கேட்பதற்கு ஒருத்தி இருக்கிறாள், அல்லது அவள் உட்கார்ந்த இடமாவது இருக்கிறது. கணக்கை முடித்துவிட்டால் என்னை யார் கேட்பார்கள்? பைசா புழக்கத்திலிருந்தே போய்விட்டது என்கிறார்கள். இருக்கட்டும். மயிலாப்பூரில் என் பேரில் இன்னும் நிற்கும் பாக்கி, பதினைந்து பைசா.