கட்டைவிரல் தெரியும் பக்கங்கள்

இது நடந்தது. கனவு இல்லை, கற்பனை இல்லை, யாரோ சொல்லக் கேட்டதும் இல்லை. பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆய்வு முறைகளைக் கற்பிக்கிறவன் நான். ஆதாரமில்லாத ஒரு வரியைக்கூட என் மாணவர்கள் எழுதிவிட முடியாது. சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். நூலகமே என் தாய்மடி என்று மேடைகளில் முழங்கியிருக்கிறேன், கைதட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அறிவின் காவலன், ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஒரு சின்னப் பெண்ணின் தோள்பை வாரைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். உண்மைக் கதை என்று ஆரம்பித்துவிட்டேனே.

எங்கள் துறையில் ஒரு ஆசிரியை இருந்தார். 'அடிக்குறிப்பு அக்கா' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கூடவே சொல்லிவிடுவார். அக்கா டீ ஆறிவிட்டது என்று சொன்னால்கூட அதற்கும் ஆதாரம் வைத்திருப்பார் என்று கேலி செய்வோம். என்னைத் 'தம்பி' என்பார். எனக்கு ஒரு புத்தகம் வேண்டுமென்றால் அவரிடம்தான் சொல்வேன். "நான் எடுத்துட்டு வரேன். நீ உன் நாற்காலியைப் பாத்துக்கோ, யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்பார். மறுநாள் புத்தகம் என் மேசையில் இருக்கும்.

பருவம் தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, வகுப்புக்குப் போகும் வழியில் வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்தார். இதயம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் துறைத்தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் பெரும்பகுதி, தான் வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேசியதைப் பற்றி. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவங்க இடத்தை இனிமே யாராலயும் நிரப்ப முடியாது" என்றார். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"அவங்க பாடத்தை நீங்க எடுத்துக்குங்க. புதன்கிழமை பத்து மணி."

பாடத்தின் பெயர் 'வீடுகளின் வரலாறு'. மனிதர்கள் எப்படிப்பட்ட அறைகளில் வாழ்ந்தார்கள், எங்கே சமைத்தார்கள், எங்கே தூங்கினார்கள் என்பதெல்லாம். வீடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, எங்கள் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பது மட்டும்தான்.

அந்த வகுப்பில் அக்காவின் மகளும் இருந்தாள்.

அம்மாவின் பாடத்தில் விரும்பிச் சேர்ந்தவள். "வீட்டுல வாடி, போடி. இங்க வந்தா 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'ன்னு கேக்கறாங்க சார். சிரிப்பை அடக்கவே முடியல" என்று முதல் வாரம் என்னிடம் சொல்லிச் சிரித்தவள். இப்போது கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நோட்டைத் திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வந்தாள்.

"சார், நான் நின்னுக்கறேன்."

"இந்தப் பாடத்துல இருந்தாம்மா?"

"படிப்புல இருந்தே."

"அவசரப்படாதம்மா. வீட்டுல பெரியவங்ககிட்ட..."

"வீட்டுல நானும் அம்மாவும்தான் சார். இப்ப சித்தி வந்து கூட இருக்காங்க." கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். "வகுப்புல வந்து உக்காந்தா, இந்தக் கதவைத் தொறந்துகிட்டு அம்மா வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கதவு தொறக்குது. நீங்க வரீங்க."

"ஒரு மாசம் மட்டும் பொறும்மா. உனக்காக இல்ல, அம்மாவுக்காக" என்றேன். தலையாட்டினாள். அந்த ஒரு மாதம் அவளைப் பிடித்து வைக்க என்னிடம் எதுவுமே இல்லை. மேடைப்பேச்சு மட்டும் இருந்தது.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் ஆசிரியர்களுக்கென்று ஒரு சேவை உண்டு. எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் வேண்டும் என்று கேட்டு, அதை ஸ்கேன் செய்து பாடத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றலாம். மாணவர்கள் வீட்டிலிருந்தே படித்துக்கொள்வார்கள். இதைப் பற்றி நூலகம் மாதாமாதம் மின்னஞ்சல் அனுப்பும். நாங்கள் மாதாமாதம் அதைத் திறக்காமல் அழிப்போம். கேட்கிற ஒன்றிரண்டு பேரும் போன வருடம் கேட்டதையே மொத்தமாகக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

அக்கா மட்டும் வாரம் ஒன்றுதான் கேட்பார். புதன்கிழமை வகுப்பில் பிள்ளைகள் என்ன கேள்வி கேட்கிறார்களோ, அதற்குப் பதில் இருக்கிற அத்தியாயத்தைத் தேடி, அடுத்த செவ்வாய்க்கிழமை ஏற்றுவார். நூலகத்தில் ஆள் பற்றாக்குறை என்பதால் கீழ்த்தளத்து இயந்திரத்தில் அவரே நின்று ஸ்கேன் செய்வார். "எல்லாத்தையும் நாமளே முன்னாடி முடிவு பண்ணிட்டா, அப்புறம் பசங்க எதுக்குத் தம்பி?" என்பார்.

என் முதல் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். பழைய வீடுகளுக்கு ஏன் சன்னல் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டான்.

"அருமையான கேள்வி. அடுத்த வாரம் விவாதிப்போம்" என்றேன். பேராசிரியர் பாஷையில் அதற்குத் தெரியாது என்று பொருள்.

செவ்வாய் மாலை பாடத்தின் பக்கத்தைத் திறந்தேன். சன்னல்களைப் பற்றி ஓர் அத்தியாயம் ஏறியிருந்தது.

நூலகத்துக்காரர்களுக்கு இவ்வளவு பொறுப்பா என்று வியந்தேன். படித்தேன். மறுநாள், சன்னல்களோடே பிறந்து வளர்ந்தவனைப்போல வகுப்பில் பேசினேன். ஸ்கேன் செய்த பக்கங்களின் ஓரத்தில், புத்தகத்தை அழுத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது சகஜம்தானே. நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மாடிப்படிகளைப் பற்றிக் கேட்டார்கள். செவ்வாயன்று மாடிப்படிகள் வந்தன. அதற்கடுத்த வாரம் அடுப்பு. அடுப்பும் வந்தது.

ஒரு புதன்கிழமை, கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அத்தனை வாரமும் வாயே திறக்காதவள்.

"வீட்டுல ஒருத்தர் செத்துட்டா... அவங்க ரூமை என்ன பண்ணுவாங்க சார்?"

நான் "அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். என் அறைக் கதவு தட்டாமலே திறந்தது. அவள்தான். ஒரு மாதம் முடிந்துவிட்டது, நிற்கப்போகிறேன் என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மடிக்கணினியை என் மேசையில் வைத்தாள். "சார், இதையெல்லாம் யார் ஸ்கேன் பண்றாங்க?"

"நூலகத்துல யாராவது பண்ணுவாங்கம்மா."

"இது எங்க அம்மா விரல்."

பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல். நகத்தில் கறுப்பாக ஒரு கன்றல்.

"போறதுக்கு முந்தின நாள் மேசை டிராயர்ல விரலை நசுக்கிக்கிட்டாங்க. நான்தான் ஐஸ் வெச்சு விட்டேன்."

என் ஆய்வு மனம் விழித்துக்கொண்டது. "அன்னிக்கே மொத்தமா ஸ்கேன் பண்ணி வெச்சிருப்பாங்க. யாரோ அதை எடுத்து வாரா வாரம் ஏத்தறாங்க. அவ்வளவுதான்."

அவள் வாதாடவில்லை. முதல் வாரத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். சன்னல் அத்தியாயம். நகத்தின் அடியில், சதையை ஒட்டி, அந்தக் கறுப்பு. பிறகு மாடிப்படி. பிறகு அடுப்பு.

கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்திருந்தது. அதற்குக் கீழே, புதிதாக, இளஞ்சிவப்பாக...

"நகம் வளந்திருக்கு சார்."

நான் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"எல்லாமே செவ்வாய்க்கிழமை நாலு இருபதுக்கு ஏறியிருக்கு" என்றாள். "இன்னிக்குச் செவ்வாய்."

நூலகம் எதிர்க்கட்டடம்தான். கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அங்கே கடைசியில் ஓர் அறை. வாசலில் 'ஆசிரியர் கற்பித்தல் வள உன்னத மையம்' என்று பித்தளை எழுத்தில் பலகை. துணைவேந்தர் நாடா வெட்டித் திறந்து வைத்தது. உள்ளே இருப்பது ஒரே ஓர் இயந்திரமும், ஒழுகும் மேல்தளக் குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியும்.

கதவு பூட்டியிருந்தது.

உள்ளே சத்தம்.

ர்ர்ர்ர்... என்று மெல்லிய உறுமல். கதவின் அடி இடுக்கில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மெதுவாக நகர்ந்தது. நின்றது.

பிறகு... காகிதம் புரளும் ஓசை.

மறுபடி ர்ர்ர்ர்...

மறுபடி வெளிச்சம்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். எனக்கு அந்தக் கனைப்பு தெரியும். பக்க எண்ணைச் சொல்வதற்கு முன்னால் அக்கா அப்படித்தான் கனைப்பார்.

அப்போதுதான் நான் அந்தத் தோள்பை வாரைப் பிடித்தேன்.

அவள் கதவில் கை வைத்தாள்.

"அம்மா?"

சத்தம் நின்றது.

"அம்மா... நான்தான்."

உள்ளே எதுவும் அசையவில்லை. வாளியில் தண்ணீர் சொட்டியது. டக்.

டக்.

பிறகு, கடைசியாக ஒரு முறை... அந்த வெளிச்சம். முன்பைவிட மெதுவாக. போக மனமில்லாததுபோல.

இருட்டு.

நான் மேலே ஓடிப்போய் நூலகரை இழுத்து வந்தேன். ஆசிரியர் சேவைப் பிரிவில் இருக்கும் ஒல்லியான மனிதர். சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டே, "இதை யாரும் தொறக்கறதே இல்லையே சார்" என்றார். கதவு திறந்தது. விளக்கைப் போட்டார்.

இயந்திரம் வெறும் கூடாக நின்றது. மேல்கண்ணாடி இல்லை. உள்ளே விளக்கு இல்லை, மோட்டார் இல்லை. வயர் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது. எல்லாவற்றின் மேலும் தூசி.

"அக்கா போன அதே வாரம் ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போனாங்க சார். இன்னும் வரல. அன்னிலேருந்து ஸ்கேன் சேவையே நிறுத்தி வெச்சிருக்கோம். எல்லா ஆசிரியருக்கும் மெயில் அனுப்பினேனே?"

நான் வாளியைப் பார்த்தேன்.

அவள் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பாடத்தின் பக்கத்தில் புதிதாக ஏறியிருந்தது. நாலு இருபது.

அவள் கேட்ட கேள்விக்கான அத்தியாயம். இறந்தவர்களின் அறைகள். சில வீடுகளில் பூட்டி வைப்பார்கள். சில வீடுகளில் சாமான் போடுவார்கள். கட்டைவிரல் ஒரு வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. சில வீடுகளில், அந்த அறையிலேயே பிள்ளைகள் படுத்துக்கொள்வார்கள்.

அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அதில் எழுத்தே இல்லை. புத்தகமும் இல்லை. கண்ணாடியில் அழுத்தி வைத்த ஒரு உள்ளங்கை மட்டும். ரேகைகள் வெள்ளை வெளேரென்று. விரல்கள் விரிந்து.

அவள் தன் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். விரலுக்கு விரல். அளவு சரியாக இருந்தது.

"சூடா இருக்கு சார்" என்றாள்.

மடிக்கணினி என்றால் சூடாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அவள் வெகுநேரம் கையை எடுக்காமல் அழுதாள். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அன்று முதல் அம்மாவின் அறையில்தான் தூங்குகிறாளாம். சித்தி சொன்னார். படிப்பை அவள் நிறுத்தவில்லை. மறுநாள் வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது, முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு எந்த அத்தியாயமும் ஏறவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் நாலு இருபதுக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரவில்லை. பிள்ளைகளின் கேள்விகளுக்கு நானே தேடிப் பிடித்துப் படித்துப் பதில் சொன்னேன். பாதி தப்பு. அவள்தான் திருத்துவாள், பக்க எண்ணோடு.

பருவம் முடிந்த பிறகு ஒருநாள் நூலகரிடம் போனேன். அந்த அத்தியாயங்களைக் கேட்டது யார் என்று பார்க்கச் சொன்னேன். கணினியைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"என்ன சார் விளையாடறீங்க? சேவை நின்ன பிறகும் வாரா வாரம் நீங்கதான் கேட்டிருக்கீங்க. எல்லாம் உங்க நூலக அட்டையில இருந்துதான் வந்திருக்கு."

"என் அட்டையா?"

"ஆமா சார். அக்கா தவறின அன்னிக்குக் காலையில, எட்டரைக்கு அவங்களே வந்து உங்க பேர்ல போட்டு வாங்கிட்டுப் போனாங்க. 'எத்தனை நாள்தான் தம்பிக்கு நானே தூக்கிட்டுப் போறது, இனிமே அவனே வரட்டும்'னு சிரிச்சாங்க. உங்ககிட்ட குடுக்கலையா?"

மகளிடம் கேட்டேன். மருத்துவமனையிலிருந்து வந்த அம்மாவின் கைப்பையில் கண்ணாடி, பேனா, சாவி எல்லாம் இருந்தன என்றாள். அட்டை எதுவும் இல்லையாம்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகளில், அதுதான் என் முதல் நூலக அட்டை.