நெற்களத்தில் நடந்த தேர்தல்

எண்பதுகளில் ஒரு ஆடித்தபசுத் திருவிழா முடிந்த சமயம். சங்கரன்கோவில் யூனியன் சேர்மன் பதவிக்குத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. நான் அப்போது பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். கட்சியின் மகளிர் அணியிலும் இருந்தேன். எங்கள் வட்டாரத்தில் எங்கள் கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயித்த மாதிரிதான். அதனால் உண்மையான போட்டி கட்சிக்குள்தான் நடந்தது.

இரண்டு பேர் சீட்டு கேட்டார்கள். ஒருவர் என்னோடு பீடி சுற்றிய அக்கா. கணவரை இழந்தவர். ஆனால் பீடிக்கடை ஏஜெண்ட் அவரைக் கண்டால் தானாகக் குரலைத் தாழ்த்துவான். இன்னொருவர் காலனி அண்ணன். வயல் வேலைக்குப் போகிறவர், கட்சிக்காக ஜெயிலுக்கும் போனவர். சேர்மன் நாற்காலியில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை, காலனிக்காரர் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. யூனியன் ஆபீசில் எங்களை வராந்தாவைத் தாண்டி விடமாட்டார்கள். அக்கா வந்தால் தைரியமாக உள்ளே போய்ப் பேசலாம் என்று நான் கிடந்து துடித்தேன்.

ஆனால் போகப் போகப் பேச்சு நாறியது. அக்காவுக்காக வீடு வீடாக வந்த ஒருத்தியே, "அவன் ஜீப்புல வந்து இறங்குனா நாம எந்திரிச்சு நிக்கணும்லாட்டீ" என்றாள். டீக்கடையில் அண்ணனின் ஆட்கள், "தாலியறுத்தவ மூஞ்சில முழிச்சிட்டா வே நல்ல காரியத்துக்குப் போகணும்?" என்று சிரித்தார்கள். மேடை ஏறினால் சமத்துவம் பேசுகிற வாய்கள்தான் எல்லாம்.

கட்சியில் பசையுள்ள ஆள் ரைஸ்மில் முதலாளி. மில் வேலையாட்கள் எல்லோரையும் உறுப்பினர்களாகச் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு தரப்பும் தனித்தனியாக அவரிடம் போய் ஆதரவு கேட்டது. இரண்டு தரப்புக்கும் காபி கொடுத்து, "பாப்போம்" என்று அனுப்பினார்.

எங்கள் கட்சியில் அப்போது ஓட்டுச்சீட்டெல்லாம் கிடையாது. யாருக்கு ஆதரவோ அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். இடமும் அந்த மில்லின் நெற்களம்தான். மாவட்டக் கட்சியிலிருந்து வந்தவர் கை காட்டியதும் நாங்கள் அக்கா பின்னால் போனோம், அவர்கள் அண்ணன் பின்னால் போனார்கள். மில் வேலையாட்கள் மட்டும் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு களத்தின் நடுவிலேயே நின்றார்கள்.

எண்ணிப் பார்த்தால் இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட சமம். நடுவில் நின்றவர்களையும் சேர்த்தால் யார் வரிசையும் பாதியைத் தாண்டவில்லை; பாதி தாண்டாமல் சீட்டு இல்லை. கொஞ்ச நேரம் கூச்சலும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. மாவட்டக்காரர், "சண்டை வேண்டாம். பொதுவா நம்ம அண்ணாச்சி நிக்கட்டும்" என்று முதலாளியைக் காட்டினார்.

களமே கொந்தளிக்கப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு வரிசையும் கை தட்டியது. என் பக்கத்தில் நின்றவள், "அவன் வரலைல்லா, அது போதும்" என்றாள். எதிர் வரிசையிலும் அதையே மாற்றிச் சொல்லியிருப்பார்கள். ஆத்திரத்தில் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அண்ணன்தான் முதலாளியோடு பேசி ஆட்களை நடுவில் நிறுத்தியதாக அக்கா நம்பினார். அக்காதான் என்று அண்ணன் நம்பினார். அதன்பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசவே இல்லை.

முதலாளி ஜெயித்தார். வெற்றி ஊர்வலத்துக்குக் காலனியிலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிவரும் வேலையை அண்ணனிடம் கொடுத்தார்கள். ஜீப்புக்கு ஆரத்தி எடுக்கும்போது, "நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்கக்கா" என்று அக்காவை ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்கள் களத்தில் அவர் பின்னால் நின்ற பெண்கள்தான்.

இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த இருவரில் ஒருவர் உள்ளே போயிருந்தாலும் அடுத்தவருக்கும் கதவு திறந்திருக்கும் என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை, முதலாளிக்கு மட்டும்தான் அது முதலிலேயே தெரிந்திருந்தது.