ராஜமாணிக்கம் சாரின் சின்னக் கிண்ணி

செய்தி வந்தபோது நான் தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனைப் பார்க்கக் காத்திருந்தேன். அடுத்த மாதம் எனக்கு பைபாஸ் ஆபரேஷன். இதயத்தில் செய்வது அல்ல, வயிற்றில் செய்வது. இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை அதோடு இணைத்து, உடல் பருமனைக் குறைக்கிற ஆபரேஷன். எனக்கு முன்னால் அதைச் செய்துகொண்டு, எனக்குத் தைரியம் கொடுத்தவர் ராஜமாணிக்கம் சார். பட்டறை சூப்பர்வைசர் போனில், "கலை மேடம், நம்ம ராஜமாணிக்கம் சார் காலையில தவறிட்டாருங்க" என்றார். "நேத்து சாயங்காலம்தானே என்கிட்ட பேசினாரு?" என்று அவரிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அரியமங்கலம் பட்டறையில் நான் கணக்குப் பிரிவு, சார் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டர். பின்னாளில் சேர்ந்தவர்களுக்கு அவரை ஒல்லியாகத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்த சார் வேறு. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அவர் உட்கார்ந்தால் இன்னொருவருக்குத்தான் இடம். யாரும் கிண்டல் செய்வதற்குமுன் அவரே தன்னைக் கிண்டல் செய்துவிடுவார். அது ஒரு தற்காப்பு. குண்டாக இருக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயும் பழமும் வாங்க, பட்டறை வேனில் காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டரின் எடை மெஷினில் முள் கடைசிக்குப் போய் நின்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், வழியில் இருந்த வெங்காய மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூட்டை தூக்கும் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டி, "பாத்து எறங்குங்கண்ணே, முட்டி என்னமா வலிக்கும்" என்றார். சாருடைய சிரிப்பு அங்கேயே நின்றது. திரும்பும்போது வேனில், "வலிக்குதான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்றார். அடுத்த வாரமே ஆபரேஷன் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்கு வந்த அன்று, மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணி வெளியே வந்தது. மகளுக்கு முதன்முதலில் சோறு ஊட்டிய கிண்ணியாம். அவர் மனைவி சரோஜா அக்கா பரணிலிருந்து தேடி எடுத்துத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். மூன்றடுக்கு கேரியரைக் காலி செய்த மனிதர் அதில் இருந்த குழைந்த பருப்புச் சாதத்தை மென்றார், மென்றார், நாங்கள் கை கழுவும்வரை மென்றார். "முன்னெல்லாம் நீங்க டப்பாவைத் தொறக்கறதுக்குள்ள நான் முடிச்சிடுவேன். இப்பதாங்க உங்களோட சேர்ந்து சாப்பிடறேன்" என்றார்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. நம் ஸ்டோர்ஸ் முருகேசனின் தங்கை கல்யாணத்தில், பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக் கெஞ்சினார் என்று சார் ஒரு முழு ஜாங்கிரியைச் சாப்பிட்டுவிட்டார். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை வியர்வையில் நனைந்து, மணமகள் அறையில் படுத்துவிட்டார். மாரடைப்பு என்று மண்டபமே கலவரமானது. அந்த ஆபரேஷனுக்குப் பின் இனிப்பு அப்படித்தான் செய்யும் என்று அவருக்குத் தெரியும். எழுந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "ஆபரேஷன் வயித்துக்குத்தான் பண்ணியிருக்காங்க. வேணாம்னு சொல்றதுக்கு வாய நாமதான் பழக்கணும்." அதன்பின் எந்தப் பந்தியிலும், இலைமேல் இரண்டு கையையும் விரித்து, முகம் நிறைய சிரிப்போடு "போதுங்க" என்பார். பரிமாறுகிறவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

என்னிடம் அவராக ஒருநாளும் "நீயும் செஞ்சுக்கோ" என்று சொன்னதில்லை. நானாகத்தான் கேட்டேன். "கஷ்டத்தை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்று ஆரம்பித்தார். முடி கொட்டியது, குமட்டல், ஆயுசுக்கும் சத்து மாத்திரை, விடாத பரிசோதனை எல்லாவற்றையும் சொன்னார். இன்சுலின் ஊசி நின்றதை, எழுந்து போகும்போதுதான் சொன்னார்.

சாரைக் கொண்டுபோனது மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவு. ஆபரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு வாசலில் போட்ட நாற்காலிகளில் வேறு பேச்சுதான் ஓடியது. "நல்லா இருந்த உடம்பைக் கிழிச்சு, சோறு தண்ணியில்லாம ஆக்கிட்டாங்க" என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "கேட்டியா? உனக்கு வேணாம், விட்டுடு" என்றார். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

பெரியவர் சொன்னது சரோஜா அக்கா காதில் விழுந்துவிட்டது. அழுது ஓய்ந்த குரலில், அந்தப் பெரியவரிடமே சொன்னார்: "நல்லா இருந்த உடம்பா? அவரால குனிய முடியாதுங்க. கால் நகத்தை நான்தான் வெட்டிவிடுவேன். வெக்கப்பட்டுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவரே குனிஞ்சு வெட்டினாரு. வெட்டி முடிச்சு என்ன செஞ்சாரு தெரியுமா? 'நீ காலை நீட்டு சரோஜா'ன்னு சொல்லி எனக்கும் வெட்டிவிட்டாரு. போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவர்தான் எனக்கு வெட்டினாரு. அவரைக் கொன்னுடுச்சுன்னு அந்த ஆபரேஷனைச் சொல்லாதீங்க."

திரும்பும் வழியில் காவிரிப் பாலம் தாண்டினோம். என் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "எந்தத் தேதியில அட்மிட் ஆகணும்னாங்க?" என்று கேட்டார்.

சாரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அவரிடமிருந்து ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். இலைமேல் கை விரித்து அவர் சொல்லும் "போதுங்க" என்னிடம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை வெளியே சொல்லாததை இந்த அஞ்சலியில் சொல்கிறேன். என் கால் நகத்தை என் மகள்தான் வெட்டிவிடுகிறாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே குனிந்து வெட்டிக்கொள்வேன், சார். முடித்துவிட்டு அவளிடம் சொல்வேன், "நீ காலை நீட்டும்மா."