மாமாவின் காலும் ஏழு சுற்றும்

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவரிடம் கேட்க எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் உண்டு. எப்ப வந்த, எப்ப போற. முதல் கேள்விக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவதைக் கேட்டுவிடுவார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் கேட்பார்கள், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் பார்த்தாலும் கேட்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கால் ஒடிந்து வந்து சேர்ந்தார். மாலத்தீவில் ஒரு தீவு ஓட்டலில் அவருக்கு வேலை. படகைக் கரையில் கட்டும்போது படகுக்கும் மரப்பாலத்துக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டதாம். அங்கேயே கம்பி வைத்துத் தைத்து, சரியானதும் திரும்பி வா என்று அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. எங்கள் வீடுதான் அவருக்கு வீடு. வாடகைக் காரின் பின்சீட்டில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி அவர் வந்து நின்றபோது, இறக்கிவிட வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டே கேட்டார்:

"எப்பம் போறே மாப்ளே?"

மாமா கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு வீடியோ கேம் இருந்தது. ஓட்டலில் தங்குகிறவர்களின் பிள்ளைகள் ஆடுவதற்கு வைத்திருந்தது. புதிதாக ஒன்று வந்ததும் பழையதை மாமாவிடம் கொடுத்துவிட்டார்களாம். அரசாங்கம் கொடுத்த எங்கள் குட்டி டிவியில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களைச் சொருகினார். திரையில் ஒரு தீவு வந்தது. சுற்றிலும் நீலக் கடல், கரையெல்லாம் தென்னை, நடுவில் ஒரு மலை. எனக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர்க் கடல் மட்டும்தான். அதில் இவ்வளவு நீலம் கிடையாது, மனிதத் தலைகள்தான் அதிகம்.

அந்தத் தீவில் எல்லா விளையாட்டும் இருந்தது. கையில் ஒரு வெள்ளை ரிமோட், அதன் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாம் கையை வீசினால் திரையில் இருக்கிற பொம்மையும் கையை வீசும். எனக்கு இரட்டைச் சடை வைத்து ஒரு பொம்மை, மாமாவுக்கு மீசை வைத்து ஒரு பொம்மை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் பெண்பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற விளையாட்டுத்தான். அப்படிப்பட்ட நான் அங்கே வில் வளைத்தேன், வாள் சுழற்றினேன். அம்பு விடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குறி ஆடும். மூச்சைப் பிடித்து விட்ட அம்பு நட்டநடுவில் போய்த் தைத்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். நான் கூடம் முழுக்கக் குதித்துத் தோற்பேன். அவர் மணிக்கட்டை மட்டும் லேசாகத் திருப்பி ஜெயிப்பார்.

"ஏட்டி, என்னத்துக்கு இந்தக் குதி குதிக்கே? கை ஆடுனாப் போதும். கால அது கேக்கவே இல்ல, பாரு" என்பார்.

உண்மைதான். திரையில் மாமாவுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. என் அப்பா கூட, ஜவுளிக்கடையை அடைத்துவிட்டு வந்த ஒரு ஞாயிறு மத்தியானம், சும்மா பார்ப்போம் என்று ரிமோட்டை வாங்கி ஒரு பந்தை அடித்தார். பந்து போனதோ இல்லையோ, சுவர்க் கடிகாரம் கீழே வந்துவிட்டது. அதன்பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் பார்த்துச் சிரிப்பார். அந்த வீட்டில் அதற்கு முன்பும் பிறகும் அவ்வளவு சிரிப்பு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மாமா ஆடாத விளையாட்டு ஒன்று உண்டு. படகு. "அது மட்டும் வேண்டாம் மக்கா" என்று தாண்டிப் போய்விடுவார்.

ஒருநாள் கேட்டேன்.

"மாமா, நீங்க இருக்க தீவும் இப்படித்தானா?"

"இப்படித்தான். தென்னை கூட இதே மாதிரி சாஞ்சு நிக்கும். ஒரு சுத்து நடந்து வர பதினோரு நிமிசம். நாலு வருசமா அதத்தான் சுத்திக்கிட்டுக் கெடந்தேன்."

"அங்கன வில்லு அம்பெல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க விடுவியளா?"

"வந்தவங்களுக்கு எடுத்துக் குடுப்பேன். முடிச்சதும் திரும்ப வாங்கி வைப்பேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வில்லும் அம்பும் என் மாமா கையில் இருக்கின்றன, அவர் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு விளையாட்டு என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். தினமும் அப்படி ஒரு தீவைச் சுற்றி வருகிறவர் எவ்வளவு கொடுத்து வைத்தவர் என்றும் சொன்னேன்.

இதற்கிடையில் காலைப் பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோரும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். மாமா பதில் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவாள்: "ஆவணி கழியவும் போயிருவான்." தம்பி திரும்பிப் போய், மனை வாங்கிப் போட்ட இடத்தில் வீடு கட்டி, அதன்பிறகு பெண் பார்க்க வேண்டும் என்று அவள் எல்லாவற்றையும் வரிசையாக முடிவு செய்து வைத்திருந்தாள். அவள் அவர்மேல் வைத்திருந்த பாசம் அப்படிப்பட்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாமா மாவுக்கட்டைத் தட்டிக் காட்டி, "இது விடணும்லா" என்று சிரிப்பார்.

இது விடாமல் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

ஆடி பிறந்தது. எங்கள் கோமதியம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிற மாதம். தபசுத் திருநாளுக்குக் கொடி ஏறியதும் ஊர் சனம் கோயில் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பிக்கும். ஆடிச்சுற்று என்போம். நூற்றியெட்டுச் சுற்று என்று நேர்ந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். தம்பி காலுக்காக அம்மாவும் நூற்றியெட்டு நேர்ந்திருந்தாள்.

"அம்மன் ஒத்தக் கால்ல நிக்கா. நாம சுத்துனா அவ கால்வலிய நாம வாங்கிக்கிடுதோம். அப்பம் நம்ம வீட்டுப் புள்ள கால அவ பாக்க மாட்டாளா?" என்றாள்.

காலையும் மாலையுமாக அறுபத்தேழு சுற்று முடித்திருந்தாள். அதற்குள் அவள் கோயிலுக்குப் போகக் கூடாத நாட்கள் வந்துவிட்டன. அவை முடிவதற்குள் தபசும் வந்துவிடும். மிச்சத்தை வீட்டில் யாராவது முடிக்க வேண்டும். அப்பாவுக்குக் கடை. மாமாவுக்குக் கால். மிஞ்சியது நான்தான். நாற்பத்தொரு புளியமுத்துகளை எண்ணி ஒரு சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தாள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு முத்தைக் கொடிமரத்தடியில் போட்டுவிட வேண்டும். பை காலியானால் வேண்டுதல் முடிந்தது.

"பராக்குப் பாத்துக்கிட்டு விட்றாத ஏட்டி. மாமா கால் ஒன் கையிலதான் இருக்கு."

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் நாள் மாலையில் இருபது சுற்றுகள் சுற்றினேன். ஒழுங்காகத்தான் சுற்றினேன். கூட்டம் முன்னாலும் பின்னாலும் நெருக்கிக்கொண்டு போனது. கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி, ஈரப் புடவையோடு ஒருத்தி, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டே போகிற பெரியவர்கள். எல்லோர் முகத்திலும் ஏதோ ஒன்று நடக்க வேண்டும் என்ற கவலை. நடக்கக் கூடாது என்று வேண்டியவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

மறுநாள் காலையில் பதினான்கு சுற்றுகள் முடிந்தபோது பையில் ஏழு முத்துகள் இருந்தன. கால் வலித்தது உண்மை. ஆனால் நான் நின்றது கால் வலியால் அல்ல. மாமாவை நொண்டியாக்கிவிட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. நூற்றியெட்டுக்கு முழுக் கால் என்றால், ஏழு குறைந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். அம்மன் சன்னதி இருக்கிற திசையைப் பார்த்து, "அரைப் பரீட்சை வரைக்கும் போதும். ரொம்ப வேண்டாம்" என்று விவரமாகச் சொன்னேன். அதன்பிறகு வாசலுக்கு வந்து, ஏழு முத்தையும் செருப்புக் குவியலுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்மா."

அம்மா பையை உதறிப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று மாலை என்னை உட்கார வைத்து, என் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். கெண்டைச்சதையை அவள் அமுக்கி அமுக்கி விடும்போது எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறது போல என்று நினைத்து இன்னும் மெதுவாகத் தேய்த்தாள்.

தபசு முடிந்த அடுத்த வாரம் திருநெல்வேலியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு அழகாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். கட்டைப் பிரித்து அனுப்பினார்கள். மாமா முதலில் கம்பு ஊன்றி நடந்தார். அப்புறம் சுவரைப் பிடித்து நடந்தார். பதினைந்தே நாளில் ஒன்றையும் பிடிக்காமல் நடந்து பால் பாக்கெட் வாங்கி வந்தார். அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி அம்மன் கருணையைச் சொன்னாள். தீவிலிருந்து போன் வந்தது. டிக்கெட்டும் வந்தது.

எனக்கு அம்மன் மேல் கோபமான கோபம். நான் குறைத்த ஏழு சுற்றுகளை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாள் நெருங்க நெருங்க அந்தக் கோபம் பயமாக மாறியது. வேண்டுதல் முடியாமலே கால் கூடிவிட்டது. அவள் இதை எப்போது கண்டுபிடிப்பாள்? மாமா அங்கே போனபிறகு, அந்த மரப்பாலத்தில் நிற்கும்போது கண்டுபிடித்துவிட்டால்? கால் திரும்ப ஒடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டால், பக்கத்தில் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? படுத்தால் அந்த எண்ணம்தான். சோறு பிடிக்கவில்லை. தீவு விளையாட்டும் பிடிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போயிருந்தது. அம்மா அடுப்படியில் அவருக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மாமா கூடத்தில் பெட்டிக்குள் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விளையாட்டுச் சாமான்களை எனக்கென்று தனியாக எடுத்து டிவி மேல் வைத்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, ஒண்ணு சொல்லுதேன். அம்மாட்ட சொல்லக் கூடாது."

"சொல்லு."

"நான் சுத்து முழுசாச் சுத்தல. விட்டுட்டேன்."

"எந்தச் சுத்து?"

"ஒங்க காலுக்கு அம்மா நேந்தது."

அவர் மடித்து முடித்த சட்டையைக் கீழே வைத்தார்.

"எத்தன விட்ட?"

"ஏழு."

"கால் வலிச்சுதா மக்கா?"

"இல்ல. கால் சரியாச்சுன்னா நீங்க போயிருவியள்லா. அதான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழாது என்று தெரியும். ஆனால் ஏதோ ஒன்று பெரிதாக விழப்போகிறது என்று நின்றேன். அடுப்படியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மாமா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஏழுதானா?" என்றார். குரலை இறக்கிக்கொண்டார். "நாப்பத்தொண்ணையும் விட்டுருக்கலாம்லா மக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாள் பயந்து கிடந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் சாய்ந்து சிரித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை மாமா கேலியாக்கிவிட்டார் என்றால் அவர் காலுக்கு ஒன்றும் வராது. அப்படித்தான் நினைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன அங்கன சிரிப்பு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு, மாமா மறுபடியும் அந்தச் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்திருந்த சட்டை அது.

மறுநாள் காலையில் கார் வந்தது. அம்மா திருநீறு பூசிவிட்டாள். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி காலைப் பார்த்து நடக்கும்படி சொன்னார். போக இஷ்டம்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே எங்களில் யாருக்கும் தெரியாது.

கார் நகர்ந்தபோது மாமா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் அம்மாவுக்குத் தெரியாமல், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலுமாகத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். மாமா சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா பார்த்துவிடக் கூடாதே என்றுதான் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கார் தேரடியைத் தாண்டும்வரை நான் விரல்களைக் கீழே இறக்கவே இல்லை.