யார் எழுதிய தந்தி

காஞ்சிபுரம் தந்தி ஆபீசில் நான் வேலை பார்த்த நாளில் தந்தியெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வரும். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அடியில் தமிழிலும் எழுதிக் கொடுப்பேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. ஒருநாள் அதுவே வம்பாகிவிட்டது.

நெசவுக்காரப் பெண் ஒருத்தி வந்து, முதல்நாள் அவளுக்குப் போன தந்தியையும் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்த புருஷனின் பழைய கடிதத்தையும் மேசையில் வைத்தாள். 'தறியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பி வா' என்றது தந்தி.

"இது அவரு எழுத்து இல்லையே சார்."

"அது என் எழுத்தும்மா. கம்பியில வந்ததைக் கேட்டு எழுதினேன்."

"அவருதான் அனுப்பினாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? என் கொழுந்தன் அந்தத் தறி மேல கண்ணு வெச்சிக்கினே இருக்கான். பெங்களூர்ல அவனுக்கு ஆளுங்க இருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. மறுமுனையில் தட்டுகிற ஊழியர் யாரென்று தட்டும் தாளத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஆனால் அவரிடம் தாளை நீட்டியது யாரென்று அவருக்கே தெரியாது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு புருஷனின் விலாசத்துக்கு ஒரு தந்தி கொடுக்கச் சொன்னாள்: 'எனக்கு நெய்த சேலையில் தப்பு எங்கே?'

"அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றாள்.

மறுநாள் பதில் வந்தது. வழக்கம்போல் அடியில் தமிழில் எழுதினேன்: 'முந்தானையில் மூன்றாவது மயிலுக்குக் கால் இல்லை. கிளம்பி வா.'

அவள் வாங்கி இரண்டு தரம் படித்தாள். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இது அவரு எழுத்துதான் சார்" என்றாள்.