வாயில் வெள்ளிக் கரண்டி

திருச்செந்தூர் போகும் மாட்டுவண்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். வெள்ளைத் தலைப்பாகை, ஒட்டுப்போட்ட கறுப்புக் கோட்டு. எதைக் கேட்டாலும் பதிலை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். எனக்குப் பொறுமை கிடையாது. ஏன் என்று கேட்டுவிட்டேன்.

ஒரு பண்ணைவீட்டில் வெள்ளிக் கரண்டி களவுபோன வழக்காம். சமையல்காரன்மேல் சரியான சாட்சி இல்லை. ஜட்ஜாக இருந்த வெள்ளைக்காரத் துரை இரக்கப்பட்டு, இவன் வாயில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன் இல்லையே என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். இவர் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னார். கரண்டி என்று காதில் விழுந்ததும் சமையல்காரன் மிரண்டுபோனான்.

"வாயில வைக்கல எசமான், மடியிலதான் வச்சிருந்தேன்."

அதையும் இவரே இங்கிலீஷில் சொல்லவேண்டியதாயிற்று. அவன் ஜெயிலுக்குப் போனான்.

"வசதியான வீட்டுல பொறக்கலன்னுதான் அதுக்கு அர்த்தம் வே" என்றார்.

"அப்போ அது ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

உதடுகள் அசைந்தன. "தெரியும். அப்படியே சொன்னா கேக்கதுக்கு நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டுட்டேன்."

"களவாண்டது அவன்தானே?"

"ஆமா. ஆனா தொரை விட்டிருப்பாருல்லா."

திருச்செந்தூரில் இறங்கியதும், "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றேன். அவர் உதடுகள் அசைந்தன. பதில் வருவதற்குள் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.