காட்டு நாவல் கொழுந்து

டயகம தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே இருந்த மலை, மாடு மேய்கிற புல்வெளியாகத்தான் கிடந்தது. மரங்கள் காற்றிலுள்ள கரியை இழுத்துக்கொள்ளும், அதற்கு வெளிநாட்டுக்காரர்கள் பணம் தருவார்கள் என்று சொல்லி, ஒரு கம்பெனி அங்கே முள்கம்பி அடித்துக் காட்டு நாவல் கன்றுகளை நட்டது. இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த நான், என் மாட்டை லயத்துப் பக்கம் கட்டிவிட்டு, கன்றுகளுக்குக் களை பிடுங்கும் வேலைக்குப் போனேன்.

கன்றுகள் தேயிலைச் செடி உயரத்துக்கு வந்ததும், அவற்றின் நுனிகள் காணாமல் போகத் தொடங்கின. கம்பெனி அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க மாடு உள்ள வருது.”

“என் மாடு கட்டுன எடத்த விட்டு அசையல சார்.”

“அப்ப நுனியெல்லாம் யாரு தின்னது?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயில்லாச் சீவன் மேல் பழி போட விடுவேனா? அவரை முன்னால் நடக்கவிட்டு, வரிசை வரிசையாகக் கூட்டிப் போனேன். கம்பி எங்கேயும் அறுந்திருக்கவில்லை. சாணியும் இல்லை, குளம்படியும் இல்லை. உச்சிவரை நான் வாயை மூடவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார்.

“கையில என்னாக்கா?”

என் கை தோளுக்கு மேலே போயிருந்தது. முதுகில் கொழுந்துக் கூடை இல்லை. பிடிக்குள் நாவல் கொழுந்து, இரண்டு இலையும் ஒரு குருத்துமாக, எந்தத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் குறை சொல்ல முடியாதபடி.